பழகிய நாயின் இரவுப் பிழை

வரலாறு என்றவுடன் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் எதிர்பார்ப்பது நம் வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ ஒரு சிறிய வீட்டுத் தொல்லை. நான்கைந்து ஆண்டுகளாக வீட்டைத் தூய்மையாக வைத்திருந்த நாய், ஒருநாள் இரவு கூடத்தின் நடுவே சிறுநீர் விட்டுவிடுகிறது. மறுநாளும் அவ்வாறே. விடியலில் எழுந்துவரும் வீட்டுத் தலைவர் ஈரத்தில் கால் வைக்கிறார். சினங்கொண்டு பிரம்பைத் தேடுகிறார். நாயோ மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. இதில் வரலாறு எங்கே வந்தது என்று மாணவர்கள் கேட்கலாம். இதே நிகழ்ச்சி 1889ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. அங்கே ஒருவர் பிரம்பைத் தேடாமல் காரணத்தைத் தேடினார். அவர் கண்டதன் பயனை இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் நுகர்ந்து வருகின்றனர். அக்கதைக்குச் செல்லுமுன், ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தில் நாய்க்கு முன்னாளில் இருந்த இடம் யாது என்பதைக் காண்போம். அதை அறிந்தால்தான் இந்தத் தொல்லை எவ்வளவு புதியது என்பது விளங்கும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களை நடுகற்களின் நாடு என்றே சொல்லலாம். ஆநிரை கவரவந்த பகைவரோடு பொருது மாண்ட வீரனுக்கு ஊரார் கல் நட்டு, அவன் உருவைப் பொறித்து, பெயரையும் எழுதி வழிபட்டனர். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்லும் மாணவர் இத்தகைய கற்களை இன்றும் நேரில் காணலாம். இவற்றுள் நம் பேச்சுக்கு மிகவும் நெருக்கமான கல், சற்றுத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் உள்ளது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமை நிரையைக் காக்கும்பொருட்டுப் போரிட்டு உயிர் நீத்தான். அவன் வீழ்ந்தபின் அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்து, விலகாமல் நின்று காவல் புரிந்தது. அந்த நாயின் பெயர் கோவிவன். வீரனின் உருவத்துக்குப் பின்னே நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசர்களின் பெயரையே காலம் மறந்துவிடுகின்ற நாட்டில், ஒரு நாயின் பெயர் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக நின்று நிலவுவதை எண்ணிப் பாருங்கள்.

எல்லைக்கு அப்பாலும் இத்தகைய கல் ஒன்று உண்டு. கன்னட நாட்டில் மண்டியா மாவட்டத்து ஆதகூர் என்னும் ஊரில் கிடைத்த அக்கல் இப்பொழுது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 949ஆம் ஆண்டில் தக்கோலத்தில் நடந்த பெரும்போரைப் பற்றிப் பாட நூலில் படித்திருப்பீர்கள். சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமீது இருந்தபடியே அப்போரில் மாண்டான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்று அவனை வீழ்த்தியவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். பூதுகனின் வீரர்களுள் ஒருவனான மணலேரன் காட்டிய திறத்தை மெச்சி, வேண்டுவதைக் கேள் என்றபொழுது, அவன் பொன்னைக் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டான். பின்னொரு நாள் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருதது. நாயும் மாண்டது, பன்றியும் மாண்டது. நாயும் பன்றியும் எதிர்த்து நிற்கும் காட்சியைச் செதுக்கி, அந்த நாய்க்காகக் கோயிலின் முன்னே கல் நட்டனர். தமிழ்ப் பக்கத்தில் கோவிவன், கன்னடப் பக்கத்தில் காளி. எல்லைக் கோட்டை வரைந்தவர்கள் பிற்காலத்தார். நாய்க்குச் செய்யும் சிறப்பில் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். கோவிவனும் காளியும் வெளியில் வாழ்ந்த நாய்கள். ஒன்று நிரையின் பக்கத்தில் படுத்தது. மற்றொன்று வேட்டைக் காட்டில் ஓடியது. இரவு என்பது அவற்றுக்கு வேலை நேரம். நள்ளிரவில் அவை எங்கே நீர் விட்டன என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். இப்பகுதி உழவர்களும் ஆயர்களும் அண்மைக்காலம்வரை நாயை அவ்வாறே வைத்திருந்தனர். அதற்குப் பட்டி நாய் என்றே பெயர். ஆட்டுப்பட்டியின் வாயிலில் அது கிடக்கும்; வீட்டு நாயானாலும் திண்ணைக்குக் கீழே கிடக்கும்; வாசற்படியைத் தாண்டினால் கோல் பறக்கும். மூன்று மொழிகள் புழங்கும் இந்த மண்ணில் நாயை அழைக்கும் சொற்களும் கலந்தே ஒலிக்கின்றன. தமிழர் நாய் என்பர். கன்னடர் நாயி என்பர். தெலுங்கர் குக்க என்பர். தமிழிலும் குக்கல் என்னும் பழைய சொல் உண்டு. சொல் எதுவாயினும் அது குறித்த விலங்கு படிக்கு வெளியேதான் இருந்தது.

அப்படியானால் அது எப்பொழுது உள்ளே வந்தது? ஓசூரில் விலங்குகளை முறையாகப் பழக்கும் வேலை புதியதன்று. 1824ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மத்திகிரியில் படைக்குதிரைகளுக்கென ஒரு பண்ணை தொடங்கினர். அதுவே பின்னாளில் 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு கால்நடைப் பண்ணை ஆயிற்று. எனினும் குதிரைக்கு இலாயம் உண்டு, மாட்டுக்குத் தொழுவம் உண்டு. வீட்டுக்குள் வாழும் விலங்கைப் பற்றிய கேள்வி அங்கும் எழவில்லை. அக்கேள்வி எழுந்தது தொழிற்சாலைகள் வந்தபின்புதான். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980களில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய நிறுவனங்கள் இங்கு வேரூன்றின. ஊர் பெருகிற்று, 2019ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. முற்றமும் பட்டியும் இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நாய்க்கு வெளி இல்லாமற் போயிற்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள இவ்வூரில் மார்கழி இரவுகளின் குளிரும் சிறிதன்று. தளி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களிலோ சிறுத்தை நாயைத் தூக்கிச் சென்றுவிடும் என்னும் அச்சமும் உண்டு. இவையெல்லாம் சேர்ந்து, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நாயைப் படிக்கு உள்ளே கொண்டுவந்து சேர்த்தன.

உள்ளே வந்த நாய் ஒரு புதிய ஒழுக்கத்தைக் கற்க வேண்டியதாயிற்று. வியப்பு என்னவென்றால், அதன் விதை நாயின் இயல்பிலேயே இருந்தது. பிறந்து இரண்டு மூன்று வாரம் வரை குட்டிகளின் கழிவைத் தாய் நாயே நக்கித் தூய்மை செய்துவிடும். கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், படுத்த இடத்தை விட்டுச் சற்று விலகிப் போய் நீர் விடக் குட்டிகள் தாமாகவே பழகுகின்றன. மனிதன் செய்வதெல்லாம், அந்தப் படுக்கையின் எல்லையை விரித்து, வீடு முழுவதையும் உன் படுக்கை என்று நாய்க்கு உணர்த்துவதுதான். குறித்த நேரத்தில் வெளியே கொண்டுபோதல், நீர் விட்டவுடன் பாராட்டுதல், இவற்றால் சில மாதங்களில் பழக்கம் நிலைத்துவிடுகிறது.

இப்படிப் பழகிய நாய் பல ஆண்டுகள் கழித்துத் தவறும்போதுதான் வீட்டார் அதைப் பெரும் குற்றமாக எண்ணுகின்றனர். வேண்டுமென்றே செய்கிறது, பழி வாங்குகிறது என்கின்றனர். செய்த பிழையை அறிந்துதான் தலை குனிகிறது என்றும் சொல்கின்றனர். இந்தத் தலைகுனிவைப் பற்றி 2009ஆம் ஆண்டில் அலெக்சாண்டிரா ஓரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். பிழை செய்த நாயும் செய்யாத நாயும், உடையவர் கடிந்துகொண்டபொழுது ஒரே மாதிரிதான் முகம் சுருங்கின. அந்த முகம் நம் சினத்தைக் கண்டு அஞ்சிய முகமே அன்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட முகம் அன்று. நள்ளிரவு நடந்ததற்குக் காலையில் விழும் அடியை நாய் அந்த ஈரத்தோடு பொருத்திப் பார்ப்பதும் இல்லை. ஈரத்தில் அதன் மூக்கைத் தேய்க்கும் கொடிய பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதனால் நாய் கற்பது ஒன்றே: மனிதர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, கட்டிலுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ நீர் விடுவது.

இனி 1889ஆம் ஆண்டுக்குச் செல்வோம். இடம் ஸ்திராஸ்பூர்க் நகரம். இன்று பிரான்சைச் சேர்ந்த அந்நகரம் அக்காலத்தில் செருமனியின் ஆட்சியில் இருந்தது. அங்கே நௌனின் என்னும் பெரிய மருத்துவரிடம் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி என்னும் இளைஞர் பணியாற்றினார், வயது 31. கணிதம் பயிலும் மாணவர்கள் மின்கோவ்ஸ்கி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஐன்ஸ்டைனுக்கு ஆசிரியராயிருந்த எர்மன் மின்கோவ்ஸ்கி இவருடைய தம்பி. ஒருநாள் ஆஸ்கர் வேறோர் ஆய்வுக்கூடத்தின் நூலகத்துக்குச் சென்றபொழுது, யோசேப்பு வான் மேரிங் என்பவரைச் சந்தித்தார். கொழுப்பு செரிப்பதில் கணையத்துக்கு உள்ள பங்கைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன என்றார் மின்கோவ்ஸ்கி. அது இயலாத செயல் என்றார் வான் மேரிங். கணையம் முழுவதையும் நீக்கினால் விலங்கு பிழைக்காது என்று புகழ்பெற்ற பிரெஞ்சு அறிஞர் குளோத் பெர்னார் கருதியிருந்த காலம் அது. ஒரு நாயைக் கொடுங்கள், இன்றே செய்து காட்டுகிறேன் என்று இளைஞர் சொன்னார், செய்தும் காட்டினார். நாய் பிழைத்துக்கொண்டது.

அதன்பின் நடந்ததுதான் நமக்கு வேண்டிய செய்தி. வான் மேரிங் தம் குடும்பத்தில் ஒருவருக்கு நோய் என்று வெளியூர் சென்றுவிட்டார். நாயை வைக்கக் கூண்டு கிடைக்காமையால், அதை ஆய்வுக்கூடத்திலேயே கட்டி வைத்தனர். அது வீட்டுப் பழக்கம் நன்கு பெற்ற நாய். ஆயினும் தரையில் அடிக்கடி நீர் விட்டது. மின்கோவ்ஸ்கி நாயை நோகவில்லை, பணியாளை நொந்தார். நேரத்தோடு வெளியே கொண்டுபோவதில்லையா என்று கடிந்தார். பணியாளோ, கொண்டுபோகத்தான் செய்கிறேன். ஆனால் இந்த விலங்கு விந்தையானது, வெளியே நீர் விட்டு உள்ளே வந்த உடனே மறுபடியும் விடுகிறது என்றான். எளிய பணியாளின் அந்தச் சொல்லைத்தான் நான் இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பேன். சோம்பேறி சாக்குச் சொல்கிறான் என்று மின்கோவ்ஸ்கி தள்ளியிருக்கலாம். அவர் தள்ளவில்லை. மிகுதியாக நீர் பிரியுமாயின் அதில் சருக்கரை உண்டா என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசிரியர் நௌனின் கற்பித்திருந்த முறை. தரையில் கிடந்த நீரை உறிஞ்சு குழாயால் எடுத்துச் சோதித்தார். நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு சருக்கரை!

நாயின் நீரை ஈக்கள் மொய்த்தன, அதைக் கண்டுதான் ஐயம் எழுந்தது என்று இக்கதையைச் சுவைபடச் சொல்வாரும் உண்டு. ஈக்களைவிடப் பணியாளின் சொல்லே எனக்குச் சிறப்பாகத் தோன்றுகிறது. அது நிற்க, ஈயும் எறும்பும் பற்றிய செய்தி நம் நாட்டுக்குப் புதிதன்று. மதுமேகம் என்னும் நோயைச் சரகர், சுசுருதர் நூல்கள் பண்டே விளக்கின. நோயாளியின் சிறுநீரை எறும்பு நாடி வருவதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். நீரிழிவு என்னும் தமிழ்ப் பெயரும் நோயின் முதல் அடையாளத்தையே சொல்கிறது. அறியாதது ஒன்றுதான்: இந்நோய் உடலில் எந்த உறுப்பிலிருந்து பிறக்கிறது? அதைத்தான் ஸ்திராஸ்பூர்க் நாய் காட்டிக்கொடுத்தது.

மின்கோவ்ஸ்கி உடனே ஆரவாரம் செய்யவில்லை. அவருக்கு ஓர் ஐயம் இருந்தது. ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து எடுக்கும் புளோரிட்சின் என்னும் பொருளை உண்ட நாயின் சிறுநீரில் சருக்கரை கலக்கும் என்று வான் மேரிங் முன்பே கண்டிருந்தார். இந்த நாய்க்கும் அப்பொருள் கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே அது கொடாத வேறு நாய்களிலும் அறுவை செய்து பார்த்தார். அவையும் நீரிழிவுற்றன. பின்னர் 1892ஆம் ஆண்டளவில் கணையத்தின் ஒரு துண்டைத் தோலின் கீழே பதித்துவைத்தபொழுது நோய் தோன்றவில்லை. அத்துண்டை எடுத்தவுடன் தோன்றிற்று. கணையம் இரத்தத்தில் எதையோ கலக்கிறது, அது இல்லையேல் நீரிழிவு என்பது உறுதியாயிற்று. (அந்தப் புளோரிட்சின் வழியிலிருந்தே இக்காலத்து நீரிழிவு மாத்திரைகளுள் ஒரு வகை தோன்றியது என்பதையும் மருத்துவம் பயில விரும்பும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.)

அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுக்க மேலும் முப்பது ஆண்டு சென்றது. கனடாவின் டொராண்டோ நகரில் 1921ஆம் ஆண்டு கோடையில் பிரெடரிக் பாண்டிங் என்னும் இளம் மருத்துவரும் சார்லசு பெஸ்ட் என்னும் மாணவரும் நாய்களிலே ஆய்வு நடத்தினர். பேராசிரியர் மக்லியாடு இடமும் கருவியும் தந்தார். வேதியியல் வல்லுநர் காலிப் அச்சாற்றைத் தூய்மை செய்தார். 1922 சனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது ஊசி வழியே செலுத்தப்பட்டது. முதல் ஊசி பெரும்பயன் தரவில்லை. தூய்மை செய்த பின் சனவரி 23 முதல் இட்ட ஊசி பயன் தந்தது. அதற்குமுன் அத்தகைய சிறுவர்கள் பட்டினி போடப்பட்டு மெலிந்து மெலிந்து மடிவதே முறையாயிருந்தது. இன்சுலின் என்ற அம்மருந்துக்காகப் பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் 1923ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வுகளில் மடிந்த நாய்கள் பல. அவற்றுக்குக் கோவிவனுக்குப் போலக் கல் நடப்பட்டதா என்றால், அறிவியலின் வழக்கம் அவ்வளவு நன்றியுடையதன்று.

மீண்டும் ஓசூர்க் கூடத்துக்கு வருவோம். அங்கே ஈரத்தில் கால் வைத்தவர் முதலில் செய்ய வேண்டுவது, மின்கோவ்ஸ்கியின் பணியாள் செய்த வேலையே. அதாவது கவனித்துச் சொல்வது. நாய் மிகுதியாக நீர் குடிக்கிறதா? இதை அளந்தே அறியலாம். காலையில் பாத்திரத்தில் ஊற்றிய நீரையும், மறுநாள் காலை எஞ்சிய நீரையும் அளந்து கழித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் குடிக்குமாயின் அது இயல்புக்கு மிஞ்சியது. 15 கிலோ எடையுள்ள நாய்க்கு அது ஒன்றரை லிட்டர். அவ்வளவு குடித்த நாய் இரவு முழுவதும் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியாகாது. சிலர் இரவில் நீர்ப்பாத்திரத்தை எடுத்துவிடுகின்றனர். நோயால் தாகமுற்ற நாய்க்கு அது பெருங்கேடு விளைவிக்கும். மருத்துவர் சொன்னாலன்றிச் செய்யலாகாது.

மிகுதாகத்தின் காரணம் நீரிழிவாக இருக்கலாம். இரத்தத்தில் சருக்கரை ஓர் அளவைத் தாண்டினால் சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த இயலாமல் வெளியே விடுகிறது. சருக்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. நன்றாகத் தின்றும் நாய் இளைத்துக்கொண்டே போவது அதன் மற்றோர் அடையாளம். இன்று அத்தகைய நாய்க்கு நாள்தோறும் இன்சுலின் ஊசியிட்டுக் காக்கின்றனர். நாய்களால் மனிதருக்குக் கிடைத்த மருந்து இவ்வாறு நாய்களிடம் திரும்பிச் சென்றிருக்கிறது. முதிய நாயானால் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் கழிந்த சில வாரங்களில் மிகுதியாக நீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கக் கூடும். அது ஒருநாளும் காலந்தாழ்த்தத் தகாத நோய். சொறிக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் தாகத்தைப் பெருக்கும். மாத்திரை தொடங்கிய நாளையும் பிழை தொடங்கிய நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

தாகம் இயல்பாக இருந்து, சிறிது சிறிதாகப் பலமுறை நீர் பிரிந்தாலோ குருதி கலந்தாலோ சிறுநீர்ப்பையில் அழற்சியோ கல்லோ இருக்கும் என்று ஐயுற வேண்டும். நாய் படுத்திருந்த சாக்கே நனைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கருத்தடை செய்த பெண் நாய்களுள் சிலவற்றுக்குச் சில ஆண்டு கழித்துச் சிறுநீர்க் குழாயின் வாய்த்தசை தளர்ந்து, உறக்கத்தில் தன்னையறியாமலே நீர் கசியும். நாய் எழுந்து சென்று ஓரிடத்தில் விடுவது வேறு, உறங்கியபடியே நனைவது வேறு. இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். முதுமையால் அறிவு மங்கிய நாயும் உண்டு. இரவில் சுவரோரம் நின்று விழித்துக்கொண்டிருக்கும். கதவு எங்கே என்பதே அதற்கு மறந்துவிடும்.

நோய் இல்லை என்று தெளிந்தபின்னரே பழக்கத்தை ஆராய வேண்டும். இத்தொழில் வட்டாரத்துக்கே உரிய காரணம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. உடையவர் ஆலையில் பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாறுகிறார். நாயை இரவு பத்து மணிக்கு வெளியே அழைத்துச் செல்பவர் இப்பொழுது ஆலையில் இருக்கிறார். இரவு எட்டு மணிக்கே கதவைச் சாத்திவிட்டு வீட்டார் உறங்குகின்றனர். நாய்க்குச் சோறு மட்டும் பழைய நேரத்தைவிடப் பிந்திக் கிடைக்கிறது. கால அட்டவணையை மாற்றியவர் மனிதர். பழி விழுவது நாயின்மேல். தீபாவளியை ஒட்டிய நாட்களில் வெடிக்கு அஞ்சித் தெருவில் கால் வைக்க மறுக்கும் நாயும், மழையில் நனைய விரும்பாமல் திரும்பி வந்துவிடும் நாயும், தெரு நாய்களின் கூட்டத்தைக் கண்டு மிரளும் நாயும் இரவில் தவறத்தான் செய்யும்.

இத்தகைய நாய்க்கு மருந்து எளிது, பொறுமைதான் அரிது. மாலைச் சோற்றை இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகக் கொடுத்து, உறங்கப்போகுமுன் அதே ஆள், அதே இடத்துக்கு அழைத்துச் சென்று, நீர் விடும்வரை நிற்க வேண்டும். வாயிலைத் தாண்டியவுடன் திரும்பிவிடுதல் கூடாது. சில நாள் நள்ளிரவில் ஒருமுறை எழுந்து வெளியே கொண்டுபோய், பின்னர் அதைச் சிறிது சிறிதாகப் பிற்படுத்தி விடியலோடு சேர்த்துவிடலாம். கூடத்தில் மணம் நிற்கவிடக் கூடாது. பினாயிலால் துடைத்தால் மனித மூக்குக்கு மணம் மறையும்; நாயின் மூக்குக்கு மறையாது. அம்மோனியா கலந்த நீர்மங்களோ சிறுநீரின் மணத்தையே நினைவூட்டும். சிறுநீரைச் சிதைக்கும் நொதி கலந்த நீர்மங்கள் இப்பொழுது கடைகளில் கிடைக்கின்றன. துடைப்பவர் கையுறை அணிந்து, பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும் வேண்டும். எலிக்காய்ச்சல் என்று நாம் வழங்கும் நோயின் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவக்கூடியது.

நோயுற்ற நாயைப் பேணுவது இக்காலத்துச் செல்வர் கண்ட புதுமோகம் என்று சிலர் எள்ளுவதுண்டு. செருமனியின் பான் நகரத்தை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டில் ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரு நாய்க்குட்டியும் இருந்தனர். அக்குட்டியின் பற்களை அண்மையில் ஆராய்ந்தவர்கள், அது கொடிய நோயால் பல வாரம் துன்புற்றது, மனிதர் பேணாமல் அவ்வளவு நாள் பிழைத்திருக்க இயலாது என்று கண்டனர். காசுமீரத்துப் பூர்சகோமிலும் புதிய கற்கால மக்கள் மனிதரோடு நாய்களைப் புதைத்திருக்கின்றனர். நோயுற்று வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத குட்டியைக் குகை மனிதன் துரத்தவில்லை. நம் தெருக்களில் திரியும் கழுத்துப்பட்டை அணிந்த நாய்களுள் எத்தனை, ஒரு கூடத்தை நனைத்த குற்றத்துக்காகப் படி இறக்கப்பட்டவையோ!

கடைசியாக மாணவர்களுக்கு ஒன்று. வீட்டில் நாயை நாள்தோறும் வெளியே அழைத்துச் செல்பவர் பெரும்பாலும் நீங்களாகவோ உங்கள் பாட்டியாகவோ இருப்பீர்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் பிழை நேர்ந்த மணி, இடம், ஈரத்தின் அளவு, நாய் குடித்த தண்ணீர், உண்ட நேரம் ஆகியவற்றைப் பத்து நாள் எழுதிவாருங்கள். கால்நடை மருத்துவமனைக்குச் செல்லும் நாள் காலையில், நாய் முதலில் விடும் நீரில் சிறிதளவை, கழுவி உலர்த்திய சிறு புட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள். மின்கோவ்ஸ்கி உறிஞ்சு குழாயை வைத்துக்கொண்டு செய்த சோதனையை, இன்று மருத்துவர் ஒரு சிறு தாளை அதில் நனைத்து ஒரு நிமிடத்தில் செய்துவிடுவார். நோட்டையும் புட்டியையும் சேர்த்தே அவரிடம் கொடுங்கள்.